காலாவதியாகாத கடிதங்கள்

1

பதினேழு வருடங்களாகப் பயன்படுத்திய மின்னஞ்சல் சேவையை விட்டு, சென்ற மார்கழியில் வேறொன்றுக்கு மாறினேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. சொந்தப் பெயரில் ஒரு டொமைன் சும்மா கிடந்தது. மாதம் ஒரு சிறிய தொகை கட்டினால் அந்த முகவரியிலேயே அஞ்சல் பெறலாம் என்றது ஒரு சின்ன நிறுவனம். மாறுவதும் சுலபம்தான். பழைய பெட்டியின் சாவியைப் புதிய சேவையிடம் கொடுத்துவிட்டால் போதும், ஐமேப் என்ற நெறிமுறை வழியாக அது ஒவ்வொரு அஞ்சலாக நகல் எடுத்துக்கொள்ளும். என்னிடம் இருந்தவை 41,000 சொச்சம். ஒன்றரை நாளில் வந்து சேர்ந்துவிட்டன.

சிக்கல் அதற்குப் பிறகு. பழைய இடத்தில் இருந்தவை லேபிள்கள், புதிய இடத்தில் இருப்பவை ஃபோல்டர்கள். கேட்க ஒன்றுபோலத் தோன்றும். லேபிள் ஒரு பண்பு, ஃபோல்டர் ஓர் இடம். ஒரே அஞ்சலின்மேல் ‘நண்பர்கள்’, ‘பணம்’, ‘பெங்களூர்’ என்று மூன்று லேபிள்களை ஒட்டலாம், அஞ்சல் ஒன்றுதான். ஃபோல்டரில் அது நடக்காது. ஐமேப் லேபிள்களையும் ஃபோல்டர்களாகவே பார்க்கும் என்பதால், மூன்று லேபிள் ஒட்டிய அஞ்சல் புதிய இடத்தில் மூன்று பிரதிகளாக வந்து இறங்கியிருந்தது.

பிரதிகளை நீக்க ஒரு குட்டி பைதான் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு அஞ்சலின் தலையிலும் மெசேஜ் ஐடி என்று ஓர் அடையாளம் இருக்கும். ஒரே ஐடி கொண்டவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் எந்த ஒன்றை வைத்துக்கொள்வது? ஒரு நண்பன் பணம் கேட்டு எழுதிய அஞ்சல் ‘நண்பர்கள்’ ஃபோல்டரில் இருக்க வேண்டுமா, ‘பணம்’ ஃபோல்டரிலா? நிரலில் அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை.

எங்கே இருந்தால் என்ன, தேடினால் வரப்போகிறது என்பதுதான் தொழில்முறைப் பதில். நானும் அதைத்தான் பிறருக்குச் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் ‘இதை எங்கே வைப்பது’ என்று ஒரு அஞ்சலை முன்னால் வைத்துக்கொண்டு நாலு தடவை கேட்டால் கேள்வி மெல்ல நகர்ந்துவிடுகிறது. முதலில், இதை எதற்காக வைத்திருக்கிறேன்? பிறகு, இது என்னிடம் இருக்கலாமா? இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியது.

2

என் தாத்தா வீட்டில் கடிதங்களுக்கென்று ஒரு கம்பி இருந்தது. கீழே வட்டமாக ஒரு மரத்துண்டு, அதன் நடுவிலிருந்து எழும்பி நுனியில் கொக்கிபோல் வளைந்த கம்பி. நடையில் ஆணியில் தொங்கும். போஸ்ட் கார்டு, இன்லேண்ட் லெட்டர், மின்கட்டண ரசீது, மணியார்டர் சீட்டு எல்லாம் வந்த வரிசையில் அதில் குத்தப்படும். புதியது மேலே, பழையது கீழே, வேறு வகைப்பாடு எதுவும் கிடையாது. யோசித்துப் பார்த்தால் இன்பாக்ஸின் வடிவம் இதுவேதான்.

ஆனால் வருவது எல்லாமே கம்பிக்குப் போய்விடாது. சாவுச் செய்தியோ கருமாதிப் பத்திரிகையோ வந்தால் வாசலில் நின்றபடியே படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. நிலப் பத்திரம், ஜாதகம், சிங்கப்பூர் போன மகன் எழுதிய முதல் கடிதம் ஆகியவை டிரங்குப் பெட்டிக்குப் போகும். மிச்சம் கம்பியில் சேரும். கம்பி நிறைந்துவிட்டால் போகியன்று பழைய பாயோடும் துடைப்பத்தோடும் எரியும். ஆக, கிழிப்பது, பெட்டியில் வைப்பது, குத்தி வைத்து ஒருநாள் எரிப்பது என்று மூன்று முடிவுகள். எழுதப் படிக்கத் தட்டுத்தடுமாறுகிற வீட்டில்கூட ஒவ்வொரு கடிதத்தைப் பற்றியும் யாரோ ஒருவர் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருந்தது.

மின்னஞ்சலின் ஆரம்ப காலத்திலும் இந்தக் கட்டாயம் இருந்தது, இடநெருக்கடி காரணமாக. 1996-இல் வந்த ஹாட்மெயிலில் இலவசக் கணக்குக்கு 2 எம்பி இடம்தான் வெகுகாலம் இருந்தது. யாஹூவில் 4 எம்பி. யாராவது இரண்டு புகைப்படங்களை அனுப்பினால் பெட்டி முட்டிக்கொள்ளும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு ஓடிக்கொண்டிருக்க, எதை அழிப்பது என்று பார்த்துப் பார்த்து அழித்த தலைமுறை ஒன்று உண்டு. அதன் கடைசி வரிசையில் நானும் இருந்தேன்.

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஜிமெயிலை அறிவித்தபோது அதில் 1 ஜிபி இடம் என்றார்கள். தேதியைப் பார்த்துவிட்டுப் பலர் ஏப்ரல் முட்டாள் விளையாட்டு என்றே நினைத்தார்கள். இடத்தைவிட முக்கியமான மாற்றம் இன்னொன்று. ஃபோல்டர்கள் போய் லேபிள்கள் வந்தன, எல்லாவற்றுக்கும் மேலாகத் தேடல் வந்தது. இனிமேல் அடுக்க வேண்டாம், அழிக்கவும் வேண்டாம், தேடிக்கொண்டால் போதும் என்பதே அதன் அழைப்பு. கூடவே ஆர்க்கைவ் என்று ஒரு பொத்தான். கம்பிக்கும் குப்பைக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இடம். கண்ணில் படாது, ஆனால் இருக்கும். முடிவெடுக்காமல் இருப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட பொத்தான் அது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு பொறியாளனாக அந்த வடிவமைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. மனிதர்கள் அடுக்குவதில் மோசம், இயந்திரங்கள் தேடுவதில் கெட்டி. வேலையைத் திறமை இருக்கும் பக்கம் தள்ளிவிட்டார்கள். ‘எங்கே இருக்கிறது’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் அடுக்குவது என்ற வேலைக்குள் இன்னொரு கேள்வியும் சத்தமில்லாமல் குடியிருந்தது. ‘இது இருக்க வேண்டுமா?’ அடுக்கும் வேலை போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் எதுவும் தொலைந்துபோகவில்லை.

இன்னொன்றும் மாறியது. இடைசெவலைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி தனக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. பாதுகாத்து வைத்திருந்ததால்தான் அவை பின்னாளில் புத்தகமாக வந்தன. கி.ரா.விடம் இருந்தவை அழகிரிசாமியின் சொற்கள். தான் எழுதியவை நண்பனிடம். கடிதம் என்றாலே அப்படித்தான்: உன் சொல் என்னிடம், என் சொல் உன்னிடம், ஆளுக்குப் பாதி. நகல் எடுத்து வைத்துக்கொள்வது அலுவலகங்களின் பழக்கம், கார்பன் தாள் வைத்திருந்த வியாபாரிகளின் பழக்கம். ‘சென்ட்’ என்ற ஃபோல்டர் வந்த பிறகு நாம் எல்லோருமே அலுவலகம் ஆகிவிட்டோம். இன்றைக்கு ஒரு நட்பின் முழுக் கோப்பும், இருபக்கமும், தேதி மணி நிமிடத்தோடு என்னிடம் இருக்கிறது.

3

அந்த நண்பனின் அஞ்சலுக்கு வருகிறேன். 2013-இல் எழுதியது. பொருள் என்ற இடத்தில் ‘அவசரம்’ என்று ஒரே சொல். அனுப்பிய நேரம் அதிகாலை 2.10. அவனுடைய அப்பா மருத்துவமனையில் இருந்தார். கேட்டது 40,000 ரூபாய். அதை ஒரு வரியில் கேட்டிருக்கலாம். ஆனால் பணம் கேட்பவன் ஒரு வரியில் நிறுத்த மாட்டான். தான் ஏன் கேட்கும்படி ஆயிற்று என்று சொல்லியாக வேண்டும் அவனுக்கு. அண்ணன் கைவிட்டது, மாமனார் வீட்டில் சொன்ன ஒரு சொல், சம்பளத்தில் பிடித்தம், எல்லாம் நாலு திரைக்கு நீண்டது. பதினாலு மாதத்தில் தவணை தவணையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இன்றைக்கு என்னைவிட நன்றாகவே இருக்கிறான்.

போன வருடம் அவன் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகும் வழியில், முகவரிக்காக அவன் பெயரைத் தட்டித் தேடினேன். அழைப்பிதழோடு இந்த அஞ்சலும் முதல் பக்கத்திலேயே வந்து நின்றது. அரை நொடிதான். பிறகு அவன் வாசலில் நின்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சமையலறை, பூஜையறை, மாடி என்று காட்டிக்கொண்டிருந்தபோது என் மனதில் இரண்டு பேர் இருந்தார்கள்: எதிரே நிற்பவன் ஒருவன், 2.10-க்கு எழுதியவன் ஒருவன். அவனுக்கு அது தெரியாது. தெரியாமல் ஒருவனை அப்படிப் பார்ப்பதில் ஏதோ சரியில்லை.

ஸ்கிரிப்டைப் பாதியில் விட்டு அந்த அஞ்சலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, ஞாயிற்றுக்கிழமையும் எதற்கு இப்படி லேப்டாப்பையே முறைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

“பணத்தைக் குடுத்துட்டானா?”

“எப்பவோ குடுத்துட்டான்மா.”

“அப்புறம் எதுக்கு நோட்டை வச்சுக்கிட்டிருக்க?”

நோட்டு என்று அம்மா சொன்னது புரோநோட்டை. எங்கள் ஊர்ப்பக்கம் கைமாற்றுக்கும் வட்டிக்கும் அதுதான் ஆதாரம். ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தோ கைநாட்டோ. கடன் தீர்ந்த அன்று கொடுத்தவர் நோட்டைத் திருப்பிக் கொடுப்பார், அல்லது கண்ணெதிரிலேயே கிழிப்பார். அம்மா ஒரு கதையும் சொன்னார். தாத்தா ஒருமுறை பக்கத்து ஊர் மிராசுதாரிடம் கடைசித் தவணையைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். ‘நோட்டு உள்ள பெட்டியில எங்கயோ இருக்கு, அப்புறம் வாங்கிக்க’ என்றிருக்கிறார் அவர். தாத்தா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் நோட்டு கைக்கு வந்த பிறகுதான் எழுந்தார்.

“திரும்பக் கேட்டுருவாருன்னு பயமா?” என்றேன்.

“சேச்சே, அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. ஆனா நோட்டு அவரு பெட்டியில கெடக்கிற வரைக்கும் தாத்தாவால அவரு முன்னாடி துண்டைத் தோள்ல போட முடியாதுல்ல.”

நான் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்த கேள்வியின் மையத்தை அம்மா ஒரு வரியில் தொட்டுவிட்டார். மிராசுதார் நல்லவர். நோட்டைப் பயன்படுத்தப் போவதில்லை. அது எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. அப்படியும் அந்தத் தாள் அவரிடம் இருப்பதே தாத்தாவின் தோளுக்கும் துண்டுக்கும் இடையில் நிற்கிறது. வைத்திருப்பதே ஒரு செயல். தீய எண்ணம் தேவையில்லை, எண்ணமே தேவையில்லை.

கடன் சட்டத்துக்கும் இது தெரிந்திருக்கிறது. கேட்டபோது தருவதாக எழுதிய புரோநோட்டின் மேல் வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, நோட்டு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான். அதற்குள் வழக்கோ, புது நோட்டோ, வரவு வைத்த கையெழுத்தோ இல்லையென்றால் காலாவதி. கடன் தீராமலே காலாவதி. ஒருவனுடைய பலவீனத்தின் சாட்சி இன்னொருவன் கையில் முடிவில்லாமல் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அந்த மூன்று வருடத்துக்குள் எங்கோ இருக்கிறது. தீர்த்துவிட்ட கடனைப் பற்றி 2013-இல் எழுதிய அஞ்சலுக்குக் காலாவதி எப்போது?

இணையத்தின் சட்டத்திலும் இந்தக் கேள்வி கடனை ஒட்டியே எழுந்தது என்பது தற்செயல்தானா என்று தெரியவில்லை. ஸ்பெயினில் ஒருவருடைய சமூகக் காப்புறுதிப் பாக்கிக்காகச் சொத்து ஏலம் போகும் அறிவிப்பு 1998-இல் ஒரு நாளிதழில் வந்தது. பிரச்சினை தீர்ந்து ஆண்டுகள் கடந்த பிறகும் அவர் பெயரைக் கூகுளில் தட்டினால் அந்த அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போய், 2014 மே மாதம் தீர்ப்பு வந்தது. பெயரைத் தேடினால் வரும் இணைப்பை எடுக்கும்படி தேடுபொறியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். நாளிதழின் பக்கம் அங்கேயே இருந்தது. மறக்கப்படும் உரிமை கேட்ட அந்த மனிதரின் பெயர்தான் இன்று அத்தனை சட்டப் பாடநூலிலும் இருக்கிறது. இங்கே மட்டுமாவது எழுதாமல் விடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது நீதிமன்றம் இரண்டையும் பிரித்ததுதான். ஒன்று எங்கோ ஒரு மூலையில் இருப்பது வேறு, பெயரைச் சொன்னதும் எழுந்து வந்து முன்னால் நிற்பது வேறு. பழைய கம்பியில் அடியில் கிடந்த கடிதத்தை எடுக்க மேலே உள்ள அத்தனையையும் கழற்ற வேண்டும். அந்தச் சிரமமே எழுதியவருக்கு ஒரு திரையாக இருந்தது.

ஆனால் இந்தச் சட்டங்கள் என் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தனிமனிதர் சொந்த, குடும்பக் காரியத்துக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. பொருந்தவும் கூடாது. என் இன்பாக்ஸுக்குள் அரசாங்கம் வந்து எதை வைத்திருக்கலாம் என்று சொல்ல வேண்டாம். ஆகவே அங்கே மிச்சமிருப்பது அறம் மட்டும்தான். வள்ளுவர் ஒரு குறளில் இதற்குக் கெடுவே விதிக்கிறார்: பிறர் செய்த நன்மையை மறப்பது நல்லதல்ல, தீமையை அன்றைக்கே மறப்பது நல்லது என்கிறார். மறதியை அவர் பலவீனமாகப் பார்க்கவில்லை, செய்ய வேண்டிய ஒரு வேலையாக, நாள் குறித்துச் சொல்கிறார். தேடல் பெட்டிக்கு இந்தப் பேதம் கிடையாது. நண்பன் செய்த உதவியையும் அவன் விழுந்து கிடந்த இரவையும் அது ஒரே வேகத்தில் கொண்டுவரும்.

4

இவ்வளவையும் ஒரு தோழியிடம் சொன்னபோது, “உனக்கென்ன, நீ ஈஸியா அழிச்சிடுவ” என்றாள்.

அவளுக்கு அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் அவளுடைய மேலாளர் இரவு பதினோரு மணிக்கு மேல் எழுதுவார். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அப்பாவியாகத் தெரியும் அஞ்சல்கள். அவள் எதையும் அழிக்கவில்லை. கோபத்தில்கூட அழிக்கவில்லை. பின்னால் நிறுவனத்தின் உள்ளகக் குழு விசாரித்தபோது அவர் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு, இவளிடம் இருந்ததெல்லாம் தேதியிட்ட எழுத்து. அவள் இன்பாக்ஸைத் துடைத்து வைக்கும் பழக்கமுள்ளவளாக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இது சாதாரண மறுப்பு இல்லை. மன்னித்துவிடு, மறந்துவிடு, பழசைக் கிளறாதே என்ற உபதேசம் எப்போதும் கீழே இருப்பவர்களுக்கே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ‘போனது போகட்டும்’ என்று பஞ்சாயத்தில் சொல்பவரின் கணக்கில் எதுவும் போயிருக்காது. சம்பளம் பற்றி வாக்குறுதி தந்த அஞ்சல், வீட்டு முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்ன அஞ்சல், மிரட்டல், இவற்றையெல்லாம் பெருந்தன்மையின் பெயரால் அழிப்பது பெருந்தன்மை ஆகாது. மலிவான சேமிப்பு எளியவர்களுக்குச் செய்த உபகாரங்களில் இது ஒன்று: முன்பு முதலாளியிடம் மட்டும்தான் கோப்பு இருந்தது, இப்போது தொழிலாளியிடமும் இருக்கிறது.

அவள் சொன்னதையும் அம்மா சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவை ஒன்றையொன்று வெட்டவில்லை என்று தெரிந்தது. மிராசுதாரிடம் இருந்த நோட்டும், தோழியிடம் இருந்த அஞ்சல்களும் ஆதாரங்கள்தான். ஆனால் ஒன்றில் ஆதாரம் கை ஓங்கியவரிடம் இருக்கிறது, மற்றதில் கை தாழ்ந்தவரிடம். ஆகவே எந்தக் கடிதத்தையும் பற்றிக் கேட்க வேண்டியது இதுதான்: இது எழுதப்பட்ட நேரத்தில் யார் கை ஓங்கியிருந்தது? என்னைவிட மேலே நின்றவர் எனக்கு எழுதியது என்றால் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, சில சமயம் கடமையும் உண்டு. விழுந்து கிடந்த நேரத்தில் ஒருவர் என்னை நோக்கி எழுதியது என்றால், அந்த நேரம் கடந்ததும் அது என்னிடம் இருக்கும் காரணமும் கடந்துவிடுகிறது.

ஓர் அஞ்சலின் தலைப்பகுதியில் அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் எல்லாம் இருக்கும். இந்த ஒன்று மட்டும் இருக்காது. ஐமேப் ஒவ்வொரு அஞ்சலுக்கும் சில கொடிகளை வைத்திருக்கிறது: படித்தது, பதில் எழுதியது, முக்கியம் என்று குறித்தது, அழித்தது, வரைவு. ‘தீர்ந்தது’ என்று ஒரு கொடி இல்லை. எந்த நிரலாலும் அதை ஏற்ற முடியாது. 41,000-த்தில் விளம்பரம், ரசீது, ஓடிபி எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் கழித்துவிட்ட பிறகு மனிதர்கள் மனிதனுக்கு எழுதியவை என்று 2,300 தேறின. அவற்றை நான்தான் படித்தாக வேண்டியிருந்தது.

இலக்கியம் படிக்கிறவர்கள் வேறொரு மறுப்பைச் சொல்வார்கள். எல்லோரும் இப்படித் தீர்த்துக்கொண்டே போனால் நாளைக்கு என்ன மிஞ்சும்? உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டதாகக் கேட்டு மனம் நொந்ததை ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். அந்த இடத்தைப் படித்த யாருக்கும் அழித்தல் என்ற சொல்லின்மேலேயே ஒரு பதற்றம் வந்துவிடும். தனக்கு வந்த கடிதங்களையும் அவர் காத்து வைத்ததால்தான் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் இன்று ‘கடிதக் கருவூலம்’ நமக்குக் கிடைக்கிறது.

உண்மை. ஆனால் அவர் வைத்திருந்ததும் நாம் வைத்திருப்பதும் ஒன்றுதானா? தாளை வைத்திருப்பவர் அதற்கு விலை கொடுக்கிறார். கரையான், ஈரம், வீடு மாற்றம், ‘இந்தக் குப்பை எதுக்கு’ என்று கேட்கும் வீட்டார், இத்தனையையும் தாண்டி ஒரு தாள் நூறு வருடம் இருந்தால் யாரோ அதைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். கி.ரா. அழகிரிசாமியின் கடிதங்களை வைத்திருந்தது அன்பினால். என் நண்பனின் அஞ்சல் என்னிடம் இருந்தது அன்பினால் அல்ல, அழிக்காததனால். இவ்விரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரிவதுதான் பிரச்சினை. தவிர, சமமாக நின்று இருவர் பேசிக்கொண்ட கடிதங்கள், சண்டை, வம்பு, புத்தகம், சினிமா, இசை, அவை எல்லாம் டிரங்குப் பெட்டிக்கு உரியவை. அவற்றில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. இறந்துபோன இருவருடையதையும் தொடவில்லை. அவர்கள் எழுதியவற்றில் ஒன்று, ஒரு கோடிங் பிழையைத் திருத்தச் சொல்லி வந்த ஒற்றை வரி. அது எந்த ஃபோல்டருக்கும் பொருந்தாது, ஆனாலும் இருக்கிறது.

5

அந்த அஞ்சலை அழிப்பதற்குமுன் பொறியாளனாக எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதனால் உண்மையில் என்ன நடக்கும்? அவனுடைய ‘சென்ட்’ ஃபோல்டரில் அது இருக்கும். பழைய சேவையின் காப்பு நகல்களில் கொஞ்ச காலம் இருக்கும். ஐமேப்பில் அழிப்பதே இரண்டு படி: முதலில் ‘அழித்தது’ என்ற கொடி மட்டும் ஏறும், அஞ்சல் அங்கேயே இருக்கும், பிறகு எக்ஸ்பஞ்ச் என்ற கட்டளை வந்தால்தான் உண்மையில் நீங்கும். நாம் ‘மறந்துட்டேன்டா, விடு’ என்று சொல்வது பெரும்பாலும் முதல் படி.

யோசிக்க யோசிக்க, அவனுடைய ‘சென்ட்’ ஃபோல்டரில் அது இருப்பதுதான் இந்த விஷயத்தின் நல்ல பக்கம் என்று பட்டது. தாளில் வந்த கடிதத்தைக் கிழித்தால் எழுதியவருக்கும் சேர்த்து அது இல்லாமல் போகும். மின்னஞ்சலில் அப்படி இல்லை. நான் அழித்த பிறகு அது அவனிடம் மட்டும் இருக்கிறது. அவன் விரும்பினால் வைத்திருக்கலாம், ஒருநாள் தன் மகனுக்குக் காட்டலாம், அழிக்கலாம். மிராசுதார் நோட்டைத் தாத்தாவின் கையில் கொடுத்ததற்கு இதைவிட நெருக்கமான ஒன்றை இந்தத் தொழில்நுட்பத்தில் செய்ய முடியாது.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தாத்தா பார்த்தார். இங்கே அவன் பார்க்க முடியாது. ‘உன் மெயிலை அழிச்சிட்டேன்’ என்று சொல்வது அந்த இரவை மறுபடி அவன் முன்னால் கொண்டுபோய் வைப்பது. அதோடு என் பெருந்தன்மைக்கு அவனிடம் ரசீது கேட்பதுமாகும். சொல்லவில்லை. அவனைப்போல இன்னும் ஒன்பது பேர். ஒருவர் மணமுறிவின்போது எழுதியது, ஒருவர் வேலை போன வாரத்தில் எழுதியது, இப்படி. என்னுடைய பதில்களையும் சேர்த்தே நீக்கினேன். நான் நல்லவனாக நடந்துகொண்டதற்கான ஆதாரங்களாக அவை மிஞ்சுவதில் எனக்கு விருப்பமில்லை. அவற்றில் சிலவற்றைத் திரும்பப் படித்தபோது நன்றாக இருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

நினைவு? அது இருக்கத்தான் செய்கிறது. 2.10 என்பதை இந்தக் கட்டுரையில்கூட எழுதிவிட்டேன். ஆனால் மனதில் இருப்பது தேயும், கலங்கும், இரக்கம் வந்து அதன் ஓரங்களை மழுக்கும். நாலு திரைக்கு அவன் எழுதியதில் மாமனார் வீட்டுச் சொல் எது என்று இன்னும் கொஞ்ச நாளில் எனக்கு மறந்துவிடும். அப்போது நான் அவனைப் பார்ப்பது அவன் இன்று இருக்கும் விதமாக இருக்கும்.

2009-இல் படிப்பை முடித்து வெளியே வந்தவர்களுக்குத் தெரியும். கையில் ஆஃபர் லெட்டர் இருந்தது, சேரும் தேதி மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அந்த எட்டு மாதத்தில் கல்லூரி சீனியர் ஒருவருக்கு நானும் ஓர் அஞ்சல் எழுதினேன். எங்காவது சொல்லி விடுங்கள் அண்ணா என்று. அதையும் ஒரு வரியில் நிறுத்த முடியவில்லை. வீட்டு நிலைமையெல்லாம் எழுதினேன். ஒரு இடத்தில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்துவிட்டோம், தொழில்நுட்ப மாநாடுகளில், கல்யாணங்களில், போன மாதம்கூட கோயம்புத்தூரில் ஒரு டீக்கடையில். தோளில் கையைப் போட்டுக்கொண்டு, புதிதாக என்ன எழுதுகிறாய் என்று கேட்பார். அந்த அஞ்சல் அவரிடம் இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி அவர் இதுவரை என்னைப் பார்த்ததில்லை.